முதல் டிரம்பெட்: புதுசா, பழசா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாற்பது வயதுக்கு மேல் டிரம்பெட் கற்க ஆசைப்படுபவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. யமஹா, பாக் மாதிரி பெயருள்ள கம்பெனியின் மாணவர் மாடலைக் கடையில் புதிதாக வாங்கலாம். அதே மாடலைப் பழையதாக வாங்கலாம். இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும், யார் செய்தது என்றே தெரியாத புதுசை வாங்கலாம். இல்லாவிட்டால் பிளாஸ்டிக். நான் இரண்டாவது வழியில் போனேன். பள்ளி பேண்டில் வாசித்துவிட்டுப் படிப்பை முடித்த, பக்கத்து ஊரான பைன்டவுன் பையன் ஒருவனிடம் யமஹா 2335 ஒன்றை வாங்கினேன். புதுசுக்குக் கடையில் சொன்ன விலையில் ஏறக்குறைய பாதி. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஒரே நிபந்தனை, ஸ்வரத்தை மாற்ற விரலால் அமுக்கும் வால்வைச் சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பழசு என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் ஆட்சேபம் விலையோ தரமோ அல்ல, எச்சில். "யாரோ வாய் வைச்சு ஊதினதை நீங்க ஊதுவீங்களா?" என்று என் மனைவியும் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாய் படும் மவுத்பீஸ் தனியாகக் கழன்று வருவது. அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பாக் 7சி அல்லது யமஹா 11பி4 ஆரம்பத்துக்குப் போதும். குழாய்களை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஊறவைத்து, வளைந்து கொடுக்கும் நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தால் உள்ளிருக்கும் பாசி வந்துவிடும். கொதிநீர் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு உரியும். இந்த நாட்டில் பழைய டிரம்பெட்டுக்கு மரியாதையான வரலாறும் உண்டு. 1956இல் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், ஜோஹன்னஸ்பர்க் பையன்களின் ஹடில்ஸ்டன் ஜாஸ் பேண்டுக்குத் தன்னுடைய டிரம்பெட் ஒன்றை அமெரிக்காவிலிருந்து அனுப்பிவைத்தார். அந்த பேண்டில் இருந்த பதின்வயதுப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டிரம்பெட் கலைஞர் ஹியூ மசெகெலா. அங்கே யாரும் எச்சில் பார்க்கவில்லை.

சரி, வால்வுக்கு வருவோம். டிரம்பெட்டில் தேய்ந்தால் சரிசெய்ய முடியாத அளவுக்குச் செலவு வைக்கும் பாகம் இதுதான். மூன்று பிஸ்டன்கள், ஒவ்வொன்றும் ஒரு உறைக்குள் மேலும் கீழும் ஓடுகின்றன. பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். எண்ணெய் போடாமல் வருடக்கணக்கில் வாசித்தால் இடைவெளி கூடி, காற்று கசியும். கசிந்தால் ஸ்வரம் 'பிடிக்காது', மேல் ஸ்வரங்களுக்கு அதிகம் ஊத வேண்டிவரும். அனுபவசாலி இதை உடனே கண்டுகொள்வார். புதிதாகக் கற்கும் நமக்கோ எல்லாக் கோளாறும் நம் உதட்டுக் கோளாறாகவே தெரியும். பல வாரங்கள் உதட்டைத் திட்டிக்கொண்டே வாசிப்போம். அதனால்தான் மற்ற எதையும்விட இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையோடு ஒரு வால்வு எண்ணெய்ப் பாட்டிலும் கொஞ்சம் ஸ்லைடு கிரீஸும் கொண்டுபோங்கள். ஸ்லைடு என்பது வெளியே இழுக்கக்கூடிய வளைகுழாய், ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்று உண்டு. விற்பவர் ஏற்கெனவே கெட்டியான எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் துடைத்துவிட்டு உங்கள் எண்ணெயைப் போடுங்கள், ஏனென்றால் கெட்டி எண்ணெய் கசிவை மறைத்துவிடும். இப்போது முதல் வால்வை அமுக்காமல் அதன் ஸ்லைடை ஓரிரு சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். மூன்று நொடி பொறுத்து வால்வை அமுக்குங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். மற்ற இரண்டுக்கும் அப்படியே. மூன்றாவது ஸ்லைடை வாசிக்கும்போதே விரலால் நகர்த்த வேண்டியிருப்பதால் அது தளர்வாகத்தான் ஓடும், அதில் சத்தம் மங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம். முதலிலும் இரண்டாவதிலும் சத்தமே வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம் ஒவ்வொரு வால்வையும் நடுவில் அமுக்காமல் விரலை ஓரத்தில் வைத்துச் சாய்வாக அமுக்குங்கள். மாட்டிக்கொண்டு மெதுவாக எழும்பினால் உறையில் எங்கோ நெளிசல் இருக்கிறது. பெல்லில், அதாவது ஒலி வெளிவரும் விரிந்த வாயில், விழுந்த ஒடுக்கு கண்ணுக்குத்தான் அசிங்கம். உறையில் நகக்கண் அளவு நெளிசல் விழுந்தாலும் தொல்லை. அடுத்து சுருதி சேர்க்கும் பெரிய ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றி, மவுத்பீஸ் செருகும் குழாயை வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் குழாயை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஸ்லைடு இறுகிக் கிடந்தால் நீங்களே குறடு போட்டு இழுக்காதீர்கள். பழுது பார்ப்பவருக்கு அது சின்ன வேலை.

ஒரு தகவல் பேரம் பேச உதவும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பார்கள். இடம் மாற்றியோ திருப்பியோ போட்டால் காற்று சுத்தமாக அடைத்துக்கொள்ளும். விஷயம் தெரியாதவர்கள் 'ரிப்பேர்' என்று சொல்லி மலிவாக விற்பதும் உண்டு.

மலிவான புதுசை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்பதற்கும் பதில் வால்வுதான். பார்க்கப் பளபளப்பாக, பெட்டியோடும் கையுறையோடும் வரும். பிஸ்டன் கரடுமுரடாக இருக்கும், ஸ்பிரிங் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பழுதானால் உதிரிப் பாகம் எதுவும் பொருந்தாது என்பதால் பழுது பார்ப்பவர்கள் பலர் தொடவே மாட்டார்கள். யமஹாவுக்கும் பாக்குக்கும் ஃபெல்ட், ஸ்பிரிங், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் சின்ன மூடிக்கான கார்க் எல்லாம் கிடைக்கும்.

பெயருள்ள கம்பெனியின் புதுசில் குறை சொல்ல அதிகம் இல்லை. உத்தரவாதம் இருக்கும், முதல் சில மாதங்கள் தினமும் எண்ணெய் போட்டால் பிஸ்டன் அருமையாகப் படியும். ஆனால் கடை வாசலைத் தாண்டியதும் விலை சரியும். நம் வயதில் தொடங்குகிறவர்களில் வேலை, பிள்ளைகள், பல் வைத்தியம் என்று பாதியில் விடுபவர்கள் நிறையப் பேர். பழசை வாங்கி ஒழுங்காக வைத்திருந்தால், இரண்டு வருடம் கழித்தும் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் விற்கலாம். புதுசில் அது நடக்காது.

பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 37 மாதிரி தொழில்முறை டிரம்பெட் பழசாகக் கிடைத்தால்? நண்பர் ஒருவருடையதை ஒரு மாலைப் பொழுது ஊதிப் பார்த்ததோடு சரி. ஒலி கனமாக, அழகாக இருந்தது. ஆனால் இருபது முப்பது வருடம் இரவுதோறும் வாசிக்கப்பட்ட வால்வாக இருக்க வாய்ப்பு அதிகம், எனவே ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போகாமல் தொட மாட்டேன். பிளாஸ்டிக்கும் கொஞ்ச நேரம்தான் ஊதினேன். லேசாக இருப்பது கை வலிக்கு நல்லது, வால்வு மட்டும் மந்தமாகத் தோன்றியது. பிள்ளைகளுக்கு வாங்குவதில் தவறில்லை.

வெள்ளி முலாம் பூசியதா, லேக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சுப் பூசியதா என்பதில் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு லேக்கர் வசதி. வெள்ளி கறுக்கும், தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேக்கரைத் துணியால் துடைத்தால் போதும். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் பிராசோ பாலிஷும் டிரம்பெட் பக்கமே வரக் கூடாது. பூச்சும் போகும், பிராசோவின் துகள் வால்வுக்குள் போனால் பிஸ்டனும் தேயும்.

பக்கத்தில் பழசைச் சோதித்துப் பார்க்க ஆளே இல்லை, ஆனால் பழுது பார்க்கும் பட்டறையோடு கூடிய கடை இருக்கிறது என்றால் நானே புதுசை வாங்கச் சொல்வேன். எதை வாங்கினாலும் கூடவே, சத்தத்தைக் குறைக்க பெல்லில் செருகும் பயிற்சி மியூட் ஒன்றை வாங்கிவிடுங்கள். டர்பனில் நம்மவர்கள் வாழும் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர் என்று கட்டிய வீடுகளில், இரவு எட்டு மணிக்கு நம் முதல் ஸ்வரங்களை அடுத்த வீட்டு ஆன்ட்டி எத்தனை நாள் பொறுப்பார்?