ஆறு மணி நேரக் கல்யாண கேசட்டை ஒரே டிவிடியில் தந்தால் வாங்காதீர்கள்

பழைய விஎச்எஸ் கேசட்டை டிவிடி ஆக்கித் தரும் கடைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று மணி நேரக் கல்யாண கேசட் இரண்டு கொடுத்திருந்தோம். கேசட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, "ரெண்டும் ஒரே டிஸ்க்ல அடங்கிடுச்சு சார்" என்று ஒரு டிவிடியை நீட்டினார்கள். கேசட்டுகளையும் அவர்களே அப்புறப்படுத்திவிடுவதாகச் சொன்னார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

ஆறு மணி நேரம் ஒரு டிஸ்க்கில் ஒழுங்காக அடங்காது. 4.7 ஜிபி டிஸ்க்கில் இருப்பது 470 கோடி பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று வைத்து அதை 21,600 வினாடிக்குப் பங்கிட்டால் வினாடிக்கு 1.7 மெகாபிட்தான் வரும், அதுவும் ஒலியையும் சேர்த்து. டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில் 720க்கு 576 அளவுப் படம் பார்க்கும்படி இருக்க 5 மெகாபிட்டாவது வேண்டும், அதாவது டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் மட்டும் போட்டால் 8 வரை கொடுக்கலாம், கேசட்டில் உள்ளது அப்படியே வந்துவிடும். விஎச்எஸ் படத்தில் எந்நேரமும் புள்ளி ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் அசைவுதான் என்று எண்ணி, படத்தைச் சுருக்கும் என்கோடர் இடத்தை அதற்கே செலவழிக்கும். ஆகவே கேசட்டுக்குக் குறைந்த பிட்ரேட் (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு) சுத்தமாக ஒத்துவராது.

வரவேற்பில் எல்லோரும் அசையாமல் நிற்கும் காட்சிகள் சுமாராகவே இருந்தன. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் இடத்தில்தான் படம் உடைந்தது. நூற்றுக்கணக்கான அரிசி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பறக்கிறது, பின்னால் ஓமப்புகை. 1.7 மெகாபிட்டில் இதை எழுத முடியாமல் முகங்களெல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்துவிட்டன. தாலி கட்டும் அந்தச் சில வினாடிக்காகத்தான் கேசட்டையே இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறோம், போனதும் அதுவே.

குறை இதோடு நிற்கவில்லை. 4:3 படத்தை 16:9க்கு இழுத்திருந்ததால் எல்லோர் முகமும் அகலமாகிவிட்டது. ஒவ்வொரு படத்தின் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறிமாறி வரும் ஃபீல்டு வரிசையும் மாறியிருந்தது: ஊர்வலத்தில் கார் நகரும்போது படம் முன்னும் பின்னும் அதிரும். கம்ப்யூட்டரில் பலசமயம் இது தெரியாது, டிவியில் போட்டால் உடனே தெரியும். அதனால் கடையில் கம்ப்யூட்டரில் காட்டுவதை நம்பாமல் வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். எழுதி முடித்த டிஸ்க்கை மூடும் ஃபைனலைஸ் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும், பல பிளேயர்கள் அதை எடுத்துக்கொள்ளாது.

நீங்களே செய்வதாக இருந்தால் முதலில் டிவிடி ரைட்டர். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் உள்ளே பொருத்தும் சாட்டா ரைட்டரையே வாங்குங்கள். மெல்லிய யுஎஸ்பி ரைட்டர் மின்சாரத்தை யுஎஸ்பியிலிருந்துதான் எடுக்கும். ஹப்பில் சொருகினால் அது போதாமல் எழுதும்போது பாதியில் நின்று டிஸ்க் வீணாகலாம், நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். டிஸ்க் வாங்கும்போது மேலே அச்சடித்த பெயரை மட்டும் பார்க்காதீர்கள். இம்க்பர்ன் மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டால் உண்மையில் தயாரித்தவரின் குறியீடு தெரியும். 16எக்ஸ் வேக டிஸ்க்கை 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள், எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபை டிக் அப்படியே இருக்கட்டும். டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டவே வேண்டாம். சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து படிப்பதில் தகராறு வரும்.

மெனு, அத்தியாயம் அமைக்க டிவிடிஸ்டைலர் போதும், அது இலவசம். பணம் கட்டி வாங்கும் மென்பொருளின் ட்ரயல் பதிப்பில் முழுக் கேசட்டையும் ஏற்றிவிடாதீர்கள். பல ட்ரயல் பதிப்புகள் கடைசியில் படத்தின் மேல் தங்கள் பெயரை அச்சடித்துவிடும். டிவிடிஸ்டைலரில் பால் (PAL, நம் ஊர் டிவி முறை), 4:3 இரண்டையும் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள். பிட்ரேட்டைத் தானியங்கிக்கு விட்டால் எவ்வளவு நீளப் படத்தையும் ஒரே டிஸ்க்குக்குள் நசுக்கப் பார்க்கும். ஆகவே நீளத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னலில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேசட்டை ஓட்டும் டெக்கில் போடவே கூடாது, அதன் படிக்கும் ஹெட்டில் அடைத்துக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

கடையில் போய்க் கணக்கைக் காட்டியதும் மூன்று டிஸ்க்காக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே நசுக்கிய அதே ஃபைலை மூன்றாக வெட்டி, பிட்ரேட்டை 5க்கு ஏற்றி எழுதிக் கொடுத்துவிடலாம். ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் 5 என்றே காட்டும், ஆனால் கட்டங்கள் போகாது. எனவே பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, புதியதில் அதே அட்சதைக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். கட்டம் விழுந்த இடங்களிலேயே மறுபடியும் விழுந்திருந்தால் கேசட்டை டெக்கில் போடவே இல்லை என்று அர்த்தம். மறுபடி கேசட்டிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.