கதவு சென்சார் செட்: எட்டு மாதம் வைத்துப் பார்த்த பிறகு

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குக் கோழித் தூக்கம். படுத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், "பின்கதவு போட்டாச்சாடி?" என்று குரல் வரும். போட்டாச்சு என்பேன், சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிடும். எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரே ராத்திரியில் மூன்று தடவை எழுந்த நாளும் உண்டு. அதற்காகவே இந்த செட்டை வாங்கினேன். கதவு, ஜன்னல்களுக்கு நான்கு சென்சார், ஆள் நடமாட்டத்துக்கு ஒன்று, சென்சார்கள் எல்லாம் தகவல் அனுப்புகிற, சைரனோடு கூடிய ஒரு மையப் பெட்டி (ஹப்).

மாட்டுவது சுலபம். சென்சாரை நிலையில் ஒட்டி, காந்தத்தைக் கதவில் ஒட்டினால் முடிந்தது. உள்ளே இருப்பது ரீட் சுவிட்ச் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அது 1936-லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் உருவாக்கியது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் சேரும், விலகினால் பிரியும். காந்தம் பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. நான் இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலை, அலாரத்தை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறக்கப் போனேன். தாழ்ப்பாளை இழுக்கவே இல்லை, கை பட்டதும் கதவு திறந்துகொண்டது. ராத்திரி முழுக்கத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்திருக்கிறது. ஆப்பில் அந்தக் கதவுக்கு நேரே பச்சையில் 'பாதுகாப்பாக உள்ளது' என்று காட்டியிருந்தது. எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. யாராவது திறந்திருந்தால் சைரன் அலறியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது அலறுகிற நேரத்தில் ஆள் சமையலறைக்குள் நின்றிருப்பான். 'மூடியிருக்கிறது' என்று மட்டும் போட்டிருந்தால், நான் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்திருப்பேன். இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

அன்றைக்கே பின்கதவுக் காந்தத்தைப் பிடுங்கி, தாழ்ப்பாளின் கைப்பிடியிலேயே ஒட்டினேன். தாழ் முழுசாகப் போய் விழுந்தால் கைப்பிடி எங்கே வந்து நிற்குமோ, அதற்கு நேரே நிலையில் சென்சார். சரியான இடம் பிடிக்க ஒரு மாலைப் பொழுது போனது. இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கேட்கவில்லை. கூட வந்த டேப்பும் மூன்று நாளில் விட்டுவிட்டது, கெட்டியான டேப் மாற்றினேன். இப்போது பாதித் தாழ் போட்டால்கூட 'திறந்திருக்கிறது' என்று காட்டுகிறது. கதவு செட்டை வாங்குகிறவர்கள் தாழ்ப்பாள் உள்ள கதவுக்கு இப்படியே மாட்டுங்கள்.

படுக்கப் போகும் முன் ஒரு சுற்று வருவதை நான் விடவில்லை. பல் தேய்த்த கையோடு பின்கதவு, சமையலறை ஜன்னல், அடுப்புத் திருகு, முன்கதவு என்று எப்போதும் அதே வரிசை. ஒவ்வொரு தாழையும் கையால் தொட்டு, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆப்பில் 'இரவு' பொத்தானை அழுத்துவேன். அந்த நிலையில் கதவு, ஜன்னல் சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும். நடமாட்ட சென்சார் ஓய்ந்துவிடும். அது உடம்புச் சூட்டின் அசைவைப் பார்த்து வேலை செய்வது. அணையாவிட்டால் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தாலே ஊரைக் கூட்டிவிடும். ஏதாவது திறந்திருந்தால் 'இரவு' நிலைக்குப் போக மறுத்து, எது என்று பெயரோடு சொல்கிறது. இந்த செட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நெட்டை அணைத்துச் சோதித்தேன். சைரன் அடித்தது, போனுக்குத் தகவல் மட்டும் வரவில்லை. சென்சாரும் ஹப்பும் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்வதால் அதற்கு நெட் தேவையில்லை. கரண்ட் பிளக்கைப் பிடுங்கியபோதும் ஹப்பின் உள் பேட்டரியில் ஓடியது. நீங்களும் இந்த இரண்டையும் வாங்கிய வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். மழைக்கு மரக்கதவு ஊதி, முன்கதவுக் காந்தம் விலகியதால் இரண்டு தடவை நடுராத்திரியில் பொய்யாக அலறியது. நகர்த்தி ஒட்டிய பிறகு தொல்லை இல்லை.

சென்சாரில் இருப்பது சிஆர்2032 பொத்தான் பேட்டரி. சின்னக் குழந்தைகள் வந்து போகிற வீடென்றால் கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். இதன் மூடி விரல் நகத்தாலேயே திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. திருகு வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பாதுகாப்பு என்று நினைத்து உள்ளிருந்தும் சாவி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை எங்கோ வைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் புகையில் தேடிக்கொண்டிருக்க முடியாது. நாங்கள் முன்கதவுச் சாவியை நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுகிறோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டே எடுத்துப் பார்த்திருக்கிறார்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். அம்மா இப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். படுத்தபடியே பதில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.