போலோ ஜிடி டிஎஸ்ஐ: பெரிய டிஸ்க் வாங்கப் போய் பிரேக் ஆயில் மாற்றி வந்த கதை

கொல்லிமலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவும் இனித்தன. இறங்கும்போது பாதி வழியிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. என் 105 பிஎஸ் (குதிரைத்திறன்) போலோ காரை ரீமேப் செய்து, அதாவது மென்பொருளை மாற்றி இன்ஜின் சக்தியைக் கூட்டி வைத்திருந்தேன். கியரை 'டி'யிலேயே விட்டதால் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருந்தது. இன்ஜின் துளியும் வண்டியைப் பிடிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். ஓரமாக நிறுத்தி, கருகல் வாடையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்), பெரிய டிஸ்க் என்று தேட ஆரம்பித்தேன். வொர்க்‌ஷாப் அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "பெடல் அமுங்குச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னும் வண்டி நிக்கலையா?"

அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. கல்லாக நின்றால் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) சூடு தாங்கவில்லை. நான் மூன்று வருடமாக ஆயில் மாற்றவே இல்லை. டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். ஆவிக் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும்.

பெரிய டிஸ்க், காலிப்பர் கிட்டை அவரே வேண்டாம் என்றார். காய்ந்த ரோட்டில் ஓங்கி மிதித்தால் ஏற்கெனவே ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வேலை செய்கிறது, அதாவது எல்லை பிரேக்கில் இல்லை, டயரின் பிடியில் இருக்கிறது. பெரிய டிஸ்க் போட்டால் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் குறையாது. அடுத்தடுத்து பிரேக் போடும்போது சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். பின்னால் டிரம் அப்படியே இருக்க, முன்னால் மட்டும் பிடியைக் கூட்டுவதும் சரியில்லை.

டாட் 5.1 ஆயில் (புதிதில் 260, ஈரத்தில் 180), சூடு தாங்கும் பேட், ஸ்டீல் பின்னிய ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்), நல்ல டயர் போட்டேன். டாட் 5 என்பது சிலிகான், வேறு சரக்கு. பெயரைப் பார்த்து ஏமாந்து கலந்துவிடாதீர்கள்.

இரண்டரை வருடம், 38,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. காலையில் முதல் நாலைந்து பிரேக் கிறீச்சிடும், தெருவே திரும்பிப் பார்க்கும். வீலில் கறுப்புத் தூசி வாராவாரம். ஹோஸ் போட்டதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அந்தக் காசை டயரில் போட்டிருக்கலாம். கொல்லிமலையில் மறுபடி இரண்டாம் கியரில் இறங்கினேன். பெடல் கடைசி வளைவு வரை ஒரே மாதிரி நின்றது.

அப்புறம் போன மாதம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டினேன். ஐந்தாவது சுற்றில் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்க மறுத்தது. ரேஸ் பேட் போட்டால் ஆபீஸ் போகும் வழியில், ஆறிய நிலையில் பிடிக்காது.

"அண்ணே, இந்தத் தடவை கல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்து வந்து, வீலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க ஆரம்பித்தார்.