கரண்ட் போனால் ஃபோகஸ் போகும்: எங்கள் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்

கடலூரில் பேராசிரியராக இருக்கும் நண்பர் போன் செய்தார். "உங்களிடம் இருக்கும் அந்த ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் மாடல் விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா சார்?" நாங்கள் ராத்திரி எடுத்த படமெல்லாம் பாழாய்ப் போன காலையில் கேட்டார். பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

ஒளிரும் சாயம் ஏற்றிய உயிருள்ள செல்களை 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைத்து விடிய விடியப் படம் எடுக்கிறோம். பாண்டியில் கரண்ட் போனால் மைக்ரோஸ்கோப் நிற்காது, யூபிஎஸ் தாங்கும். ஏசியை அதில் கோக்க முடியுமா? அறை சூடேறும், உலோக உடம்பு விரியும். 10 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரிக்கு 2 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீளும். 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழமோ ஏறத்தாழ ஒரு மைக்ரான். அப்புறமென்ன, காலையில் வந்து பார்த்தால் ஒரே கலங்கல். படத்தில் செல்களைப் பிரித்து எண்ணித் தரும் செல்போஸ் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கலங்கிய படத்தில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு உட்கருவை அது ஒன்றென்றுதான் எண்ணும்.

செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பில் அகச்சிவப்பு ஒளியைப் பட்டுத் தெறிக்க வைத்து ஃபோகஸைப் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. விற்க வந்தவர், "அது உங்களுக்குத் தேவைப்படாது சார்" என்று கொட்டேஷனிலிருந்து எடுத்துவிட்டார். புண்ணியவான்! இப்போது இறங்கியிருக்கும் விலையிலும் அது சேர்த்தியில்லை.

எல்இடி விளக்கைக் குறை சொல்ல மாட்டேன். பழைய மெர்குரி விளக்கை 200 மணி நேரம் போலானால் மாற்ற வேண்டும். அணைந்துவிட்டால் ஆறும்வரை திரும்பப் போடக் கூடாது. எல்இடியோ படம் எடுக்கும்போது மட்டும் எரிகிறது, சாயம் வெளுப்பதும் குறைவு. கடல்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்றார்கள். சிலிக்கா ஜெல்லை மாற்றிக்கொண்டே இருப்பதால் இதுவரை இல்லை.

ஒன்றை மட்டும் கோபத்திலும் மறைக்க முடியாது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் ஒரு நிமிடத்தில் பல்லாயிரம் செல்களை அளந்து தள்ளும். மருந்து கொடுத்ததில் எத்தனை செத்தன என்று சொல்லும், ஆனால் ஒரே செல்லைப் பின்தொடராது. இந்த மைக்ரோஸ்கோப்பில் பின்தொடரலாம். ஒரே தட்டு, ஒரே மருந்து. ஒரு செல் கொப்புளம் கொப்புளமாகி சுருங்கிச் சாகிறது, பக்கத்தில் இருப்பது ஒன்றும் நடக்காததுபோல் இரண்டாகப் பிரிகிறது. ஒரே தாய்ச் செல்லிலிருந்து சற்றுமுன் பிரிந்த இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்துச் சாகும். பிரிந்து நெடுநேரம் ஆனவை ஆளுக்கொரு நேரத்தில் போகும். சராசரி எண்ணுக்குள் இதெல்லாம் புதைந்து கிடக்கும். முதல் தடவை வீடியோவாக ஓட்டியபோது எங்கள் மாணவிகள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம் சார். அந்த ஃபோகஸ் கருவியை அதே விலைக்குள் சேர்த்துத் தருவதாக எழுதிக் கொடுத்தால் மறுபடி பேசுவோம். அதுவரை உங்கள் செல்களோடு பஸ் ஏறி இங்கேயே வந்துவிடுங்கள், எடுத்துத் தருகிறேன்.