பின் ஸ்பிரிங் முறிந்தால்: ஒரிஜினலா, லோக்கலா, புதுப்பேட்டையா?

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கம் 'டங்' என்று சத்தம், நாலு பேர் ஏறினால் ஒரு மூலை உட்கார்ந்துவிடுகிறது. இப்படி இருந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீலின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறதே என்று அதோடு விட்டுவிடக் கூடாது. ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் பின் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிக் கீழ்ச் சுற்றில்தான் முறியும். இரண்டு அங்குலத் துண்டு போனாலும் உயரம் அவ்வளவாக மாறாது. வீலைக் கழற்றி, கீழ்ச் சுற்றைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த இடம் முறியக் காரணம் ஸ்பிரிங் உட்காரும் கீழ் ரப்பர் பேட். அதில் சேறும் தண்ணீரும் தேங்கும், மணல் உரசிப் பெயிண்ட் போகும், வெறும் கம்பியில் துருக்குழி விழும். விரிசல் அந்தக் குழியிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு பக்கம் முறிந்தால் இன்னொரு பக்கமும் அதே மழையில், அதே சேற்றில் ஓடியதுதான். அதனால் ஜோடியாகவே மாற்றுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் செய்தால் கூலி இரட்டிப்பாகாது.

கம்பெனி ஒரிஜினலில் உள்ள பெரிய லாபம் அளவு பிசகாது என்பது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பரையே எடுத்துத் தருவார்கள். இது சின்ன விஷயமில்லை. கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த வண்டிக்குப் பின்னால் சிலிண்டர் பாரம் உண்டு, அதன் ஸ்பிரிங் பெட்ரோல் வண்டிக்கு ஒத்துவராது. சுற்றின் மேல் தெரியும் வண்ணப் பொட்டுகள் இந்த ரகத்தைக் காட்டத்தான். இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டப்போகும் வண்டி என்றால் இதையே வாங்கலாம்.

லோக்கல் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் வேறு தயாரிப்பு விலையில் இறங்கி வரும், தரம் கடைக்குக் கடை மாறும். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் பார்ட் நம்பரும் அச்சிடாத ஸ்பிரிங் வேண்டாம். முறிந்த ஸ்பிரிங்கையும் தடிமன் அளக்கும் ஒரு வெர்னியரையும் கையோடு கொண்டுபோய், கம்பி தடிமன், சுற்று எண்ணிக்கை, வெளிவிட்டம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய கம்பியைத் துருவோ தூக்கிய பெயிண்டோ இல்லாத இடத்தில் அளக்க வேண்டும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 மி.மீ. கம்பிக்குப் பதில் 11 மி.மீ. வந்தால், மற்ற அளவெல்லாம் அதேதான் என்றாலும் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். பின்சீட்டில் வயதானவர்கள் உட்கார முடியாதபடி வண்டி தூக்கிப் போடும். 'கொஞ்சம் தடிமனா இருக்கு சார், ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று கடையில் சொன்னால் வாங்காமல் திரும்புங்கள்.

மிகவும் மலிவாக முடிப்பது செகண்ட் ஹேண்ட். சென்னை என்றால் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய வண்டியின் பின் ஸ்பிரிங் ஜோடி கிடைத்தால் நல்ல சரக்கு. இரண்டும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று பார்க்க, தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். கீழ்ச் சுற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நகத்தை ஓட்டுங்கள். நகம் குழியில் தட்டினால் அந்த ஜோடி வேண்டாம். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் குழி தெரியாது, அதையும் விட்டுவிடலாம். வயதான வண்டிக்கு, நன்றாகப் பார்த்து எடுத்த பழைய ஜோடி நியாயமான தேர்வுதான். பார்த்து எடுக்கப் பொறுமை இல்லையென்றால் லோக்கல் புதிதே மேல்: ஆறு மாதத்தில் மறுபடி முறிந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் இரண்டாவது கூலியில் போய்விடும்.

வெல்டிங் கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகு பதம் போட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், ஒட்டின் ஓரத்தில் உடையும். சுற்றுகளுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபர் முறிந்த ஸ்பிரிங்குக்கு மருந்தல்ல. முறிந்த கூர்முனை நகர்ந்து டயரின் உள்பக்கத்தைக் கிழிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும்.

எந்த ஸ்பிரிங் வாங்கினாலும் மேல், கீழ் ரப்பர் பேடுகளைப் புதிதாகப் போடுங்கள். முறிந்த துண்டு உரசி அறுத்த பழைய பேடின் மேல் புது ஸ்பிரிங்கை வைத்தால், பெயிண்ட் உரிவது முதல் நாளே தொடங்கிவிடும். பம்ப் ஸ்டாப்பர் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இரும்பு இடிக்காமல் தாங்கும் ரப்பர்) கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.

ஸ்விஃப்ட் போல ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்றிருக்கும் வண்டிக்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வேண்டாம். முன் வீல்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, பாடியை இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. இரண்டு பின் வீல்களையும் இணைக்கும் ஆக்ஸில் பீமை வேறொரு ஜாக்கியில் தாங்கிக்கொண்டு, இரு ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையில் வரும். இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் மீதும் ஏபிஎஸ் ஒயர் மீதும் இருக்கட்டும். இழுபட்டால் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். ஷாக்கோடு சேர்ந்த ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது, பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

புது ஸ்பிரிங்கின் கீழ் முனை பேடில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் சத்தம் வரும். ஷாக்கின் கீழ் போல்ட்டை முதலில் லேசாக மாட்டிவிட்டு, ஜாக்கியால் பீமை ஓட்டும் உயரத்துக்குத் தூக்கிய பிறகே முழுக்க இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஒரு வாரம் ஓட்டியபின் இரண்டு பக்க உயரத்தையும் மறுபடி அளந்து, ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவரெதிரே நிறுத்திப் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததும் வெளிச்சம் கீழே இறங்கியிருக்கும்.