தரைத்தள வீட்டில் கம்பளமும் ஜமக்காளமும்: பூசணம் அண்டாமல் வைத்திருப்பது எப்படி?

சென்னை திருவான்மியூரில், கடல் காற்று நேராக வந்து மோதும் ஒரு தரைத்தள வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கூடத்தில் கம்பளிக் கம்பளம், படுக்கையறையில் பவானி ஜமக்காளம், நடையில் முன்பு சணல் விரிப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவற்றைக் காப்பாற்றுவதற்கு எது உதவியது, எதற்குச் செலவழித்த பணம் வீண் என்று எழுதுகிறேன்.

விரிப்பின் மேற்புறம் பளிச்சென்று இருப்பதை நம்பவே கூடாது. எங்கள் வீட்டில் பூசணம் தொடங்கியதெல்லாம் அடியில்தான். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் நூலிழைகளின் இடுக்கில் கடுகளவு சாம்பல் பொட்டுகள் தெரியும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். அதற்கும் முன்னதாகவே வாடை வந்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை விரிப்பைப் புரட்டி, அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். இதைவிட நம்பகமான சோதனையை நான் கண்டதில்லை.

ஈரம் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் ஏறுகிறது. பழைய தரைத்தள வீடுகளில் இந்த ஓதம்தான் பெரிய வில்லன். தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஓதம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தரையில் எந்த விரிப்பையும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். என் படுக்கையறைத் தரை அத்தகையதுதான். அதனால் ஜமக்காளத்தைக் காலையில் எடுத்துக் கொடியில் போட்டுவிடுகிறேன். பருத்தி நூலில் நெய்தது, அடியில் ரப்பரோ பசையோ கிடையாது, காற்றாடவிட்டால் காய்ந்துவிடும். ஈரமான ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விரிப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கம்பளி வேறு ரகம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும். அதனால் கை சொல்வதை விட்டுவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. மழை நாட்களில் முள் 80-ஐத் தாண்டி நிற்கும். அப்போது ஜன்னலைத் திறந்தால் வெளியீரம்தான் உள்ளே வரும். ஜன்னல், கதவுகளைச் சாத்திவிட்டு ஈரம் உறிஞ்சும் மின்கருவியை ஓடவிடுகிறேன். அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால்தான் காற்றில் எவ்வளவு நீர் மிதந்தது என்பது புரியும். விலை அதிகம்தான், மின்கட்டணமும் கூடும். ஆனால் நான் செய்த செலவுகளில் இதற்கு மட்டுமே முழுப் பலன் கிடைத்தது. ஏசி இருப்பவர்கள் அதிலுள்ள உலர் முறையை முதலில் முயன்று பார்க்கலாம்.

கம்பளத்துக்கு அடியில் வழுக்காமல் இருக்க விரிக்கும் ரப்பர் தாள் துளையில்லாததாக இருந்தால் ஈரத்தைச் சிறைப்பிடித்துவிடும். வலை போன்ற துளையுள்ளதே நல்லது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல. கற்பூரம் வாடையை மறைக்கும், அவ்வளவே. ஈரம் உறிஞ்சும் சிறு டப்பாக்கள் அலமாரிக்குள் நன்றாக வேலை செய்கின்றன. கூடத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

செயற்கை இழை விரிப்புக்குப் பூசணமே வராது என்று கடைகளில் சொல்வார்கள். இழை பூசணத்துக்கு உணவாகாது என்பது உண்மை. ஆனால் அதில் படியும் தூசி, முடி, சோற்றுப் பருக்கை எல்லாம் உணவுதான். எதுவானாலும் தூசி உறிஞ்சி மூலம் இரு பக்கமும் சுத்தம் செய்வது அவசியம்.

தண்ணீர் கொட்டிவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுதாக உலர்த்திவிட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே, அடியிலும் காற்றுப் போகும்படி இரண்டு நாற்காலிகள் மேல் போடுங்கள். பொட்டுகள் தெரிந்தால் வீட்டுக்குள் தட்டவே கூடாது. வித்துகள் அறை முழுதும் பரவும். மொட்டை மாடியில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துலக்கி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வெயிலில் போடுங்கள், சாயமும் வெளுக்காது. கம்பளியில் பிளீச்சிங் திரவம் பட்டால் இழையே அரித்துப்போகும்.

சணல் விரிப்பை மட்டும் நான் கைவிட்டுவிட்டேன். நனைந்தால் பழுப்பேறுகிறது, காய்வதற்கும் நாளாகிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், பூசணம் ஆழமாக ஊறிய விரிப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள். பையில் கட்டி வெளியேற்றிவிடுங்கள்.