உர மூட்டையை எங்கே வைப்பது: மோட்டார் ரூமா, தாழ்வாரமா, தனிக் கொட்டகையா?

மஞ்சளுக்கும் வாழைக்கும் சொட்டுநீர் போட்ட பிறகு தோட்டத்துக்கு வரும் உரங்களே மாறிவிட்டன. முன்பு யூரியா, டிஏபி, பொட்டாஷ், ஒரு காம்ப்ளக்ஸ், அவ்வளவுதான். இப்போது கூடவே 13-0-45, கால்சியம் நைட்ரேட் என்று சின்னப் பைகளும் வருகின்றன. வைக்கிற இடம் மட்டும் மாறவில்லை: மோட்டார் ரூம், இல்லாவிட்டால் வீட்டுத் தாழ்வாரம். இரண்டில் மோட்டார் ரூம்தான் மோசம் என்பேன், அதுவும் ரொம்பவே மோசம்.

யூரியா, பொட்டாஷ் இரண்டும் எளிதில் தீப்பிடிக்கிற சரக்கு இல்லை. 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதுவும் தானாகப் பற்றாது, ஆனால் பக்கத்தில் தீ வந்துவிட்டால் அந்தத் தீக்கு ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் மண்ணைக் கொட்டியோ ஈரச்சாக்கைப் போர்த்தியோ அமுக்க முடியாது, தண்ணீரை நிறைய அடிக்க வேண்டும். மோட்டார் ரூமிலோ பொறி பறக்கிற ஸ்டார்டர் பெட்டி, டீசல் கேன், கிரீஸ் துணி, காலிச் சாக்கு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் முதலில் கருகுவது வயர், அதாவது அணைக்கத் தண்ணீர் தர வேண்டிய மோட்டாரே நின்றுவிடும். போதாததற்குக் கிணறோ போரோ பக்கத்திலேயே இருக்கும். கொட்டின உரம் மழையில் கரைந்து அதற்குள் இறங்கினால் குடிதண்ணீரில் நைட்ரேட் ஏறும். நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு, கைக்குழந்தைக்கு அதைத் தாண்டினால் ஆபத்து.

தாழ்வாரத்தில் திருட்டுப் பயம் இல்லை, மழையும் அடிக்காது, சரிதான். ஆனால் அவிழ்ந்த யூரியா மூட்டையில் ஆடு மாடு வாய் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே வயிறு உப்பி விழுந்துவிடும், உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அடிக்க வேண்டும். யூரியா கரைத்த வாளித் தண்ணீர் இன்னும் மோசம், ஒரே மூச்சில் குடித்துவிடும். தவழ்கிற குழந்தை உள்ள வீடு என்றால் நான் மேற்கொண்டு யோசிக்கவே மாட்டேன். தொட்டி கழுவ வாங்கிய பிளீச்சிங் பவுடரும் பெரும்பாலும் அதே மூலையில்தான் இருக்கும். அதுவும் யூரியாவும் ஈரத்தில் கலந்தால் ஆபத்தான வினை நடக்கும், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது.

இடம் இருந்தால் தனிக் கொட்டகைதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம்: சிமெண்ட் தரை, ஒழுகாத சீட்டுக் கூரை, காற்றுப் போக்கு, பூட்டு. வைக்கோல்போரும் அடுப்பும் தள்ளி இருக்க வேண்டும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரில் சாயாமல் அடுக்குங்கள், நைட்ரேட் பைகள் மட்டும் தனி மூலையில். பூச்சிமருந்து இந்தக் கொட்டகைக்குள் வேண்டாம், அதற்கு வேறிடத்தில் பூட்டிய பெட்டி.

சேர்த்து வைக்காமலே சமாளிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. ஆனால் சீசனில் சொசைட்டியில் யூரியா இல்லை என்று திரும்பி வந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அதனால் என் கணக்கு இது: யூரியா, டிஏபியைக் கொட்டகையில் இருப்பு வைக்கலாம், நைட்ரேட் பைகளை அந்தந்த மாதத் தேவைக்கு மட்டும் வாங்கலாம்.

இடத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள்கூட, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி வைப்பதில்லை. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸில், வெஸ்ட் என்ற சிற்றூரில், மரக் கட்டடத்தில் மரத் தொட்டிகளில் கொட்டி வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் உரம் தீயில் சிக்கி வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். நம் கொட்டகையில் இருப்பது அந்தச் சரக்கும் இல்லை, அந்த அளவும் இல்லை. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாளியோடு ஓடிவந்துவிடக் கூடாது. கதவில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், 101-ல் சொல்லும்போதும் முதலில் அதைச் சொல்லுங்கள். வாசலில் இரண்டு டிரம் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும், தீ சின்னதாக இருக்கும்போது மட்டும் அதை ஊற்றலாம். பழுப்பு நிறப் புகை கிளம்பினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காற்று வருகிற பக்கமாக விலகிப் போய்விடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் வீட்டில் படுக்க விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் நடக்கும், அதனால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எந்த உரம் எரிந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.